எழுந்து ஓட ஒரு முதுகு

நோயாளி செய்யாமல் விட்ட பயிற்சிக்கு நாம் திட்டு வாங்கும் தொழில்தான் பிசியோதெரபி. சாத்தூரில் இதைப் பார்க்கிற எனக்கே முதுகு வலி உண்டு. உங்களுக்கும் இருக்கும், இல்லாவிட்டால் இந்தத் தலைப்பில் வந்து நின்றிருக்க மாட்டீர்கள்.

நாற்காலி

முத்துமாரி பட்டாசுக் கம்பெனியில் தரைச்சக்கரத்துக்கு வெடிமருந்து அடைக்கும் பெண். காலை நீட்டி, பொழுது முழுக்கக் குனிந்தபடியே உட்கார்ந்திருப்பார். அப்படியே இருந்தால் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டு பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும். இவருக்கு அழுத்திவிட்டது. சாய்மானம் உள்ள நாற்காலியில் உட்காருங்கள், அடிக்கடி எழுந்து நடங்கள் என்று எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்.

"நாற்காலியா? ரூமுக்குள்ள அதெல்லாம் விட மாட்டாக சார். தீப்பிடிச்சா ஓடுறவுக கால்ல மாட்டும்ல."

பெல்ட்

சரி என்று இடுப்புக்கு பெல்ட் கட்டி அனுப்பினேன். நல்ல பெல்ட், முதுகுப் பக்கம் இரும்புத் தகடு வைத்தது. மருந்து அறைக்குள் இரும்பு போகக்கூடாது, உரசினால் பொறி பறக்கும். இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம், பெல்ட்டை இறுக்கும்போது எனக்குத் தோன்றவில்லை. கேட்டில் தடவிப் பார்த்து நிறுத்திவிட்டார்கள். மறுவாரம் அதே பெல்ட்டோடு வந்தார். தொட்டுப் பார்த்தேன், தொளதொளவென்று இருந்தது.

"தகட்ட உருவிப் போட்டுட்டேன் சார். துணி மட்டும் கெடக்கட்டும், மனசுக்கு ஒரு பிடிமானம்."

போர்மேன்

அவர் அறைக்குப் போர்மேனாக இருப்பவரும் என்னிடம்தான் வருவார். பைக்கில் அலைந்து வாங்கிய வலி. சூடு ஒத்தடத்துக்குக் குப்புறப் படுத்திருந்தவரிடம் முத்துமாரி பேச்சை எடுத்தேன். வாசல் பக்கம் இருந்தவரை உள்சுவரோரம் மாற்றிவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. எழுந்திருக்கவே சிரமப்படுகிறவருக்குத்தானே வாசல் பக்கம் வேண்டும் என்றேன்.

"வாசல்ல உக்காந்துக்கிட்டு அவ எந்திரிக்க லேட்டானா, உள்ள இருக்கிறவுக எல்லாரும் மாட்டிக்கிருவாகள்ல சார். நான் யாரப் பாக்க?"

ஒரே ஒரு தடவை

அடுத்த முறை வந்தபோது முத்துமாரியிடம் வேலையை விடச் சொன்னேன். வேறு என்ன வேலை இருக்கிறது என்று என்னையே கேட்டார். பயிற்சி செய்தால் வலி குறையும், பழையபடி குனிந்து உட்கார்ந்தால் திரும்ப வரும் என்று உள்ளதைச் சொன்னேன். பேரம் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்தினார்.

"வலி போக வேண்டாம் சார், அது பாட்டுக்குக் கெடக்கட்டும். ஒரே ஒரு தடவ சட்டுனு எந்திரிச்சு ஓடணும். அம்புட்டுக்கு மட்டும் சரி பண்ணி விடுங்க."

ஆகவே, முதுகு வலிக்காரர்களே, வலி தீர்க்கப் படித்த நான் இப்போது அவரைக் கிளினிக் தரையில் உட்காரவைத்து, எழுந்து வாசலைத் தொட எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.