கோல்காவலரின் பெயர்

என் பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்த ஒரு பையனை, கோப்பை வந்த மூன்றாவது வாரம் நான் பள்ளியை விட்டு அனுப்பினேன். அவன் எந்தத் தவறும் செய்யவில்லை. தவறு செய்தவன் நான். அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவனை அனுப்பினேன்.

அப்போது நான் மலேசியாவில், ரெம்பாவ் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குத் தலைமையாசிரியர். ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்ட பிறகு தோட்டத்துக்கு ஆள் தேவை குறைந்துவிட்டது. குடும்பங்கள் ஒவ்வொன்றாகச் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு செனாவாங் தொழிற்சாலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. பள்ளியில் நாற்பது பிள்ளைகள்கூட இல்லை. இன்னும் குறைந்தால் மூடிவிடுவார்கள் என்ற பேச்சு. ஒரு கோப்பை வந்து, நாளிதழில் ஒரு படமும் வந்துவிட்டால் பக்கத்துத் தோட்டத்துப் பெற்றோர்கள் பிள்ளைகளை எங்களிடம் அனுப்புவார்கள் என்று நான் கணக்குப் போட்டேன். தமிழ்ப்பள்ளிகளுக்கான எழுவர் காற்பந்துப் போட்டிக்கு ஆள் சேர்க்கத் தொடங்கினேன்.

ஆறு பேர் கிடைத்தார்கள். ஏழாவதாக, கோல்காவலராக நிற்கத் தகுந்தவன் ஒருவன்தான் இருந்தான். அவனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை.

அவன் அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள். பிள்ளையைத் தொழிலாளர் லயத்து வீட்டிலேயே பெற்றாள். பிறப்பைப் பதிய வேண்டிய தகப்பன் பதியாமலே எங்கோ போய்விட்டான். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. திருப்பி அனுப்ப மாட்டோம். வருகைப் பதிவேட்டின் கடைசியில் பெயரைப் பென்சிலால் எழுதி வைப்போம். பத்திரம் வந்ததும் பேனாவால் எழுதிக்கொள்வோம். மேலிடத்துக்கு அனுப்பும் எண்ணிக்கையில் பென்சில் பெயர்கள் சேராது. அந்தப் பையன் ஐந்து வருடமாகப் பென்சிலில் இருந்தான்.

அவன் பந்து பிடிக்கக் கற்றுக்கொண்டதற்கு நான் காரணமில்லை. எங்கள் திடலில் கோல் கம்பத்துக்குப் பின்னால் செம்பனை தொடங்கிவிடும். பந்து அந்தப் பக்கம் போனால் மட்டையின் முள் குத்திக் காற்று போய்விடும். பள்ளிக்கு இருந்தது இரண்டே பந்துகள். பந்து செத்துவிட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அதனால் அவன் எதையும் பின்னால் போக விடுவதில்லை. கோலுக்கு வெளியே போகிற பந்தைக்கூடப் பாய்ந்து பிடிப்பான்.

போட்டிப் பாரத்தில் படம் ஒட்டி, பிறப்புப் பத்திரத்தின் நகலை இணைக்க வேண்டும். அந்த வருடத் தொடக்கத்தில் செனாவாங்குக்கு மாறிப்போன ஒரு மாணவனின் நகல் என் கோப்பில் இருந்தது. அந்தப் பெயரை எழுதி, இவன் படத்தை ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். பள்ளியைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

போட்டி நடந்த இடத்துக்கு வேனில் போகும்போது பையன்கள் அவனுக்குப் புதுப் பெயரைப் பழக்கினார்கள்.

“டேய் கீப்பர், ஒன் பேரு என்னா?”

அவன் தன் சொந்தப் பெயரைச் சொன்னான். தலையில் ஒரு குட்டு விழுந்தது.

“சார், இவன் மறுபடியும் பழைய பேர சொல்றான் சார்.”

“வாயில அதான்டா வருது.”

“அந்தப் பேருக்காரன் வீட்டுல நாய் இருக்கும்ல, அதோட பேரையும் மனப்பாடம் பண்ணிக்க. கேட்டாலும் கேப்பாங்க லா.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இறுதி ஆட்டம் பெனால்டிக்குப் போயிற்று. அவன் இரண்டைத் தடுத்தான். பரிசளிப்பில் சிறந்த கோல்காவலர் என்று ஒலிபெருக்கியில் அந்த இன்னொருவனின் பெயரைப் படித்தார்கள். எங்கள் பையன் எழவில்லை. யாரோ ஒருவனுக்காகக் கை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவன் முதுகில் இடித்து, “நீதான்டா, போ” என்றான். அப்போதுதான் எழுந்து ஓடினான். பரிசு வாங்கும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷம் முழுக்க அவனுடையது. அதைமட்டும் நான் யாரிடமிருந்தும் கடன் வாங்கித் தரவில்லை.

போட்டியை நடத்தியவர்களில் ஒருவர், வேறொரு பள்ளியின் ஆசிரியர், மறு வாரம் போன் செய்தார். “ஒங்க கீப்பர மாநிலப் பயிற்சிக்கு எடுக்கலாம்னு இருக்கோம் சார். பையனையும் ஒரிஜினல் சூராட்டையும் கூட்டிட்டு வந்துருங்க.” சூராட் என்றால் பிறப்புப் பத்திரம்.

“அந்தக் குடும்பம் ஊர் மாறிப் போயிருச்சி” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் பயம் முழுதாக வந்தது. யாராவது பள்ளிக்கே வந்து பார்த்தால்? எனக்கு ஓய்வு பெற நான்கு வருடம் இருந்தது. பதிவேட்டை எடுத்து அவன் பெயரை ரப்பரால் அழித்தேன். முந்தைய வருடங்களின் பதிவேடுகளையும் எடுத்து அழித்தேன். ஐந்து பதிவேடுகள். பென்சில் என்பதால் சுலபமாக இருந்தது.

அவன் அம்மாவைக் கூப்பிட்டு, பத்திரம் வந்ததும் பையனைத் திரும்பக் கூட்டிவரச் சொன்னேன்.

“பையன் ஏதும் தப்பு பண்ணிட்டானாங்க ஐயா?”

“இல்ல. மேல ரொம்பக் கண்டிப்பா கேக்குறாங்க.”

“சூராட் இல்லன்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமேங்க.”

கதவோரம் நின்ற பையன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

“சார், கிளவ்ஸ திருப்பிக் குடுத்துரணுமா?”

ஆமாம் என்றேன். மறுநாள் காலை கையுறைகள் துவைத்துக் காயவைக்கப்பட்டு என் மேசைமேல் இருந்தன.

போட்டி விளையாட்டு பிள்ளைகளுக்கு என்ன தரும் என்று பல மேடைகளில் பேசியிருக்கிறேன். நேர்மை, கட்டுப்பாடு, தோல்வியைத் தாங்கும் மனம். அதெல்லாம் பொய் என்று இன்றும் சொல்ல மாட்டேன். மற்ற ஆறு பேருக்கும் அது ஏதோ ஒன்றைத் தந்தது. ஒருவன் அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் விடுதிப் பள்ளியில் இடம் வாங்கினான். ஏழாவது சான்றிதழ் என் அலமாரியில் கிடந்தது. அதில் இருந்த பெயருக்குரியவன் ஆடவில்லை. ஆடியவனின் பெயர் அதில் இல்லை. பள்ளியும் அந்தத் தோட்டத்தில் பிழைக்கவில்லை. கோப்பையைப் பார்த்து மூன்று குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின. ஐந்து குடும்பங்கள் தோட்டத்தை விட்டுப் போயின. பிறகு பள்ளியை ஒரு குடியிருப்புப் பகுதிக்கு மாற்றிவிட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு சிரம்பானில் லோபாக் பக்கம் இருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு முஸ்லிம் உணவகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது முப்பது வயதைத் தாண்டிய ஒருவன் என் மேசைக்கு வந்தான்.

“பெரிய வாத்தியார்தானே?”

கைகளைப் பார்த்தேன். விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. செனாவாங்கில் கார் கழுவும் கடையில் வேலை செய்வதாகச் சொன்னான். குடியுரிமைக்கு விண்ணப்பம் போட வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்ததற்கு ஏதாவது ஆதாரம் வேண்டும். அம்மா இறந்துவிட்டாள். இடம் மாறிய பள்ளிக்குப் போய்க் கேட்டிருக்கிறான்.

“பழைய ரிஜிஸ்டர எல்லாம் பொரட்டிப் பாத்தாங்க சார். எம்பேரு எதுலயும் இல்லயாம். யாரோ எழுத மறந்துட்டாங்கபோல.”

“மறக்கல. எழுதியிருந்துச்சி. நான்தான் அழிச்சேன்.”

அவன் நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தான். “அஞ்சு வருசமுமா சார்?” என்று கேட்டான்.

“அஞ்சு வருசமும்.”

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தேநீருக்கு அவனே காசு கொடுத்துவிட்டுப் போனான்.

என்னால் முடிந்ததைச் செய்யலானேன். சத்தியப் பிரமாணம் செய்துவைப்பவரிடம் போய், பெயரை அழித்தது, படத்தை மாற்றி ஒட்டியது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்திட்டேன். பழைய ஆட்டக்காரர்களைத் தேடினேன். மூன்று பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். விடுதிப் பள்ளிக்குப் போனவன், “நான் கவர்மென்ட் வேலையில இருக்கேன் சார், என்னை விட்ருங்க” என்றான். அவனைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கோப்பையோடு எடுத்த குழுப் படம் ஒன்று என்னிடம் இருந்தது. நடுவில் கையுறையோடு அவன். அதையும் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இருவரும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம்.

அங்கிருந்த அதிகாரி மரியாதையான பெண். என் வாக்குமூலத்தைப் பொறுமையாகப் படித்தார். குழுப் படத்தில் கோல்காவலரின் முகத்தையும் எதிரே இருந்தவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு படத்தைத் திருப்பினார். பின்பக்கம் ஏழு பெயர்கள் என் கையெழுத்தில், வரிசையாக, அழகாக இருந்தன. நடுவில் இருந்தது அவன் பெயர் இல்லை. அந்தப் பொய்ப் பெயரை நான் பென்சிலால் எழுதியிருக்கவில்லை.

“பெரியவரே, எழுதியிருப்பதை வைத்துத்தான் நாங்கள் பார்க்க முடியும்” என்று மலாயில் சொன்னார். “அன்று ஒன்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இன்று வேறொன்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறீர்கள். எதை நம்புவது?”

ஒரு வருடத்துக்கு மேல் கழித்துக் கடிதம் வந்தது. ஏற்கப்படவில்லை என்று ஒரே வரி.

அதை அவன் கார் கழுவும் கடையில் என்னிடம் காட்டினான். காகிதம் நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் ஒரு திடல். ஞாயிறு மாலைகளில் அங்கே ஆடுவானாம். அடையாள அட்டை கேட்கிற போட்டி வந்தால் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பந்து எடுத்துக் கொடுப்பானாம்.

“அங்க ஒன்ன என்னான்னு கூப்புடுவாங்க?”

“கீப்பர்னுதான் சார். பேரெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க லா.”

இரண்டாவது விண்ணப்பத்தைப் போன மாதம் கொடுத்தோம். அதே வாக்குமூலம், அதே மூன்று கையெழுத்துகள். புதிதாகச் சேர்க்க எங்களிடம் எதுவும் இல்லை. பதில் வர எவ்வளவு நாளாகும் என்று அவன் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். இரண்டு வருடம் ஆகலாம் என்றார்கள். எனக்கு இப்போது எழுபத்தெட்டு.