ஒரே வட்டத்துக்கு இரண்டு கோடுகள்

கோலா சிலாங்கூர் கோட்டைக் குன்றின் குரங்குகளை நான் முன்பெல்லாம் இவ்வளவு கவனமாகப் பார்த்தது கிடையாது. பிறந்ததிலிருந்து அவை அங்கேதான் இருக்கின்றன, நானும் இங்கேதான் இருக்கிறேன். போன வருஷத்திலிருந்துதான் ஏற்றத்தின் பாதியில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஏதோ ஆராய்ச்சி செய்கிறவன் போல அவற்றைப் பார்க்க ஆரம்பித்தேன். மூச்சு வாங்குகிறது என்று ஒப்புக்கொள்வதைவிடக் குரங்கு பார்க்கிறேன் என்று சொல்வது கௌரவமாக இருந்தது.

வயசு என்றார்கள், தொப்பை என்றார்கள், ஆஸ்துமா என்றார்கள். கடைசியில் தலைநகரத்தில் ஒரு மருத்துவமனையில் மெல்லிய குழாய் ஒன்றை இதயம் வரை அனுப்பிப் பார்த்துவிட்டு, நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் என்றார்கள். குழாய்கள் தடித்துச் சுருங்கிவிட்டன. திறக்காத கதவைத் தள்ளுவதுபோல இதயத்தின் வலப்பக்கம் தள்ளித் தள்ளிக் களைத்துக்கொண்டிருக்கிறது. சாப்பாட்டுக்கடை நண்பரிடம் இதை விளக்கினேன்.

"பிரஷர்தான லா? எனக்குந்தான் இருக்கு. உப்பக் கொறைங்க" என்றார்.

அதே மருத்துவமனையில், இந்த நோய் குடும்பத்தில் தொடருமா என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. கொஞ்சம் ரத்தமும் குடும்பக் கதையும் கொடுத்தால் போதும். கதை சொல்வது எனக்குக் கஷ்டமில்லை. மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். கிள்ளான்காரத் தமிழ்ப்பெண் ஒருத்தி, ஆராய்ச்சி உதவியாளர், குடும்ப மரம் வரையக் காகிதத்தோடு எதிரே உட்கார்ந்தாள்.

"அங்கிள் ஒரு சதுரம். ஆண்ட்டி ஒரு வட்டம். ஆண்ட்டி ஃபேமிலிய தனியா இந்தப் பக்கம் போட்டுருவோம்."

"தனியால்லாம் வேணாம்மா. ஆண்ட்டியோட அம்மா என் கூடப்பொறந்த அக்கா."

பேனா நின்றது. "ஓ, அக்கா மகளா? பரவால்ல அங்கிள், எங்க சொந்தத்துலயும் இருக்கு. ஷை ஆவாதீங்க."

"ஷை இல்லம்மா. காகிதம் மிச்சம்னு சொல்ல வந்தேன்."

மனைவி சிரித்தாள். அவள் என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்தது கல்யாணத்துக்கு வெகுகாலம் முன்பு, பேசத் தொடங்கியபோதே. தாயில்லாத பெண்ணை வெளியே எதற்குக் கொடுப்பது, சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று நாங்கள் குடியிருந்த செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பெரியவர்கள் முடிவு செய்தார்கள். கூப்பிடும் முறையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"சின்ன வயசுல யாராச்சும் மூச்சுத் திணறி, மயங்கி விழுந்து தவறியிருக்காங்களா?"

"இல்ல" என்றேன் உடனே. அக்கா போனது இரண்டாவது பிரசவம் முடிந்த கையோடு, ஆஸ்துமா இழுப்பில்; அது வேறு கணக்கு. தோட்டமே அப்படித்தான் சொன்னது. நானும் அப்படித்தான் சொல்லி வளர்ந்தேன்.

"அம்மாவுக்கு இழுப்புச் சத்தமே வராது மாமா" என்றாள் மனைவி. அவள் சிரிப்பு நின்றிருந்தது. "வேலை முடிஞ்சு வரப்ப நடுரோட்டுல குந்திக்கும். மரத்துலேருந்து விழுந்த உதிரிப் பழம் பொறுக்குறேன்னு சொல்லும். நானும் கூடவே குந்தித் தேடுவேன். அந்த ரோட்டுல செம்பனை மரமே கெடையாது."

எனக்குக் குரங்கு. அக்காவுக்குப் பழம்.

அக்காவின் வட்டத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெண் ஒரு கேள்விக்குறி போட்டாள். எங்கள் ஒரே மகளின் வட்டத்திலிருந்து என் வழியாக ஒரு கோடு மேலே போனது. மனைவி வழியாக இன்னொன்று அக்காவுக்குப் போனது. இரண்டும் என் அப்பா அம்மாவில் போய் முட்டின.

"ஜீன் கோளாறு இருந்தாலும் நோய் வந்தே தீரும்னு இல்ல, அங்கிள். நெறைய பேருக்கு வராமலே போயிரும். ஆனா மகளுக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் வர சான்ஸ் இருக்கு. இந்த நோயோட கர்ப்பம் ஆனா ஆபத்து. அவங்க கல்யாணம் ஆனவங்களா?"

ஆனவள்தான். பிள்ளை பெற்றுக்கொள்வது பற்றிப் புருஷனும் அவளும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அதுவரை எனக்காகப் பயந்துகொண்டிருந்தேன். அது பழகிய பயம், அதோடு சேர்ந்து சாப்பிட்டு, பத்திரிகை படித்து, தூங்கவும் முடிந்தது. இது அப்படி இல்லை. கார் நிறுத்துமிடத்தில் சாவியை எடுத்தேன், கதவைத் திறக்காமல் நின்றேன். சொந்தம் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டவர்கள், கூடவே எதையெல்லாம் கட்டிக்காத்தார்கள்?

"இப்ப சொல்ல வேணாம். நம்ம ரத்தம் என்ன சொல்லுதுன்னு பாப்போம்" என்றேன்.

"சொல்லாம? அவளும் நடுரோட்டுல பழம் பொறுக்கட்டுமா?"

வீட்டுக்கு வந்ததும் மனைவியே மகளுக்குப் போனைப் போட்டு என் கையில் கொடுத்தாள். நான் சுற்றி வளைத்து, கேள்விக்குறி வரை சொல்லி முடித்தேன். மகள் கிள்ளானில் வங்கியில் வேலை பார்க்கிறவள், அழுவதற்கு முன் கணக்குப் பார்க்கிற ஜாதி.

"சொத்துன்னு ஒண்ணும் வைக்கலன்னுதான்ப்பா இவ்ளோ நாள் நெனச்சேன்" என்றாள். மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. "எப்ப வரணும்?"

ரத்தம் கொடுக்க அவள் வந்த அன்று நாங்கள் மூவரும் மருத்துவமனைப் படியேறினோம். அவள் முன்னால் போனாள். பாதியில் சட்டென்று குந்தினாள்.

மனைவியின் நகம் என் முழங்கையில் பதிந்தது. மிச்சமிருந்த மூச்சையெல்லாம் செலவழித்து மகள் பக்கத்தில் போய்க் குனிந்தேன். காலில் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்திருந்தது. உண்மையாகவே அவிழ்ந்து படியில் கிடந்தது.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல. சும்மா பாத்தேன்."

"நீங்க ஏன் குனியிறீங்க? மூச்சு வாங்கும்ல."

முடிச்சுப் போட்டுவிட்டு மீதிப் படிகளில் ஏறினாள். முடிவு வர நாளாகும் என்று சொல்லியிருந்தார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே அவள் தோள்கள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையாவது பார்ப்பதாக நடிக்க அங்கே ஒரு குரங்குகூட இல்லை.