கொசு இல்லாத ஊர்

காய்ச்சலில் நடுங்கிய வண்டிக்காரர் அம்மாவாசிக்குத் தம் கம்பளியைப் போர்த்திவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்து போனவர் ஒச்சாண்டி. கம்பம் பக்கத்து ஊர்களில் கொசுப் பிடித்து எண்ணுவது அவர் உத்தியோகம். அந்த எண்ணிக்கையைப் பார்த்துத்தான் எந்த ஊருக்கு மலேரியாவுக்கான கொயினா மாத்திரை என்று மேலே முடிவு செய்வார்கள்.

எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு மலேரியா. ஆனாலும் சர்க்கார் ஆள் வருகிறார் என்றதும், மரியாதைக்குச் சாணி மெழுகி, தொழுவம் வரைக்கும் வேப்பிலைப் புகை போட்டுவிட்டோம். ஒச்சாண்டி கண்ணாடிக் குழாயோடு மூலை மூலையாகத் தேடினார். ஒரு கொசுகூட இல்லை. என்னிடம் வந்து அங்கலாய்த்தார்.

"என்ன மதினி இது! இப்படியே எழுதினா, காய்ச்சலே இல்லாத ஊருன்னு மாத்திரையை நிப்பாட்டிருவாகளே!"

பதறிப்போன என் கொழுந்தன் ராக்கப்பன், பக்கத்து ஊருக்கு ஓடி ஒரு சொம்புக் கொசுவோடு வந்தான். "இதை எண்ணிக்கிருங்கண்ணே."

"ஏலே, அந்த ஊருக் கொசுவுக்கு அந்த ஊருக்குத்தான் மருந்து!"

முருகன் சாமி அவருக்குப் பொறுமையைக் கொடுத்திருந்தான். புகை போடக் கூடாதென்று சொல்லி, நான்கு நாள் எங்கள் தொழுவத்திலேயே தங்கினார். உடம்பெல்லாம் தடிப்பு, குழாயெல்லாம் கொசு. மறுமாதமே மாத்திரை வந்தது.

மாற்றலாகி ஆண்டிபட்டிக்குக் கிளம்பிய அன்று சொல்லிவிட்டுப் போனார்: "அடுத்து வயித்துப் பூச்சியை எண்ண ஆள் வருவாக, மதினி. வெளிக்குப் போனதை டப்பாவுல கேப்பாக. அதையாச்சும் கழுவாம, இருக்கிறபடியே குடுங்க."