கடல் சாமந்தி விட்டதும் போகலாம்

தேயிலை விலை விழுந்த வருஷங்களில் எங்கள் மலையில், தேவர்சோலைப் பக்கம் யாராவது வீட்டைக் காலி செய்தால், அவர்கள் தூக்கிக்கொண்டு போக முடியாததெல்லாம் அக்கம்பக்கத்துக்குப் பங்காகிவிடும். எஸ்டேட் மேனேஜர் ஒருவர் சென்னைக்குப் போனபோது டிரைவருக்கு சோபா கிடைத்தது. வாட்ச்மேனுக்கு வாத்துகள். என் வீட்டுக்காரர் எங்கே போனாலும் கடைசி ஆளாக நிற்கிறவர். அவருக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும் அதற்குள் உட்கார்ந்திருந்த கடல் சாமந்தியும் கிடைத்தன. கூட இருந்த அழகான மீன்களை மேனேஜரின் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள்.

பெயரைக் கேட்டுப் பூ என்று நினைத்துத்தான் நானும் தலையாட்டினேன். பூ இல்லை, பிராணி. கண் கிடையாது, எலும்பு கிடையாது. விரல் விரலாக நீட்டி ஆடிக்கொண்டிருக்கும். நடுவில் ஒரே ஒரு ஓட்டை. சாப்பிடுவதும் அதில்தான், கழிப்பதும் அதில்தான். அடியில் ஒரு பாதம், அதை வைத்துப் பாறையைக் கவ்விக்கொள்ளும். அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும், சூடு வேண்டும், வெளிச்சம் வேண்டும். ஆடி மழையில் துணி காயாமல் நான் ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டிருப்பேன். அது ஹீட்டர் போட்ட தண்ணீரில், டியூப் லைட்டுக்குக் கீழே, விருந்துக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். அரைத்த இலையில் பச்சை வாசனை போய்ப் பழ வாசனை வரும் நேரத்தை மூக்காலேயே சொல்லிவிடுவார். அந்த மூக்கை வைத்துத்தான் ஃபேக்டரி ஓடியது என்று முதலாளியே சொல்வார். அதே மூக்கோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று முதலாளிக்குத் தெரியாது. பால் லேசாக அடிப்பிடித்தால் போதும், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார். அதற்கு நான் பதில் சொல்ல, அவர் பதில் சொல்ல, எங்கள் வீட்டில் பொழுது அப்படித்தான் விடியும்.

பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று சிறு விவசாயிகள் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். இலை வராமல் ஃபேக்டரியை மூடினார்கள். திருப்பூரில் இருக்கும் என் அண்ணன் ஒரு பனியன் கம்பெனி குடோனில் இவருக்கு சூப்பர்வைசர் வேலை பேசி வைத்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறந்த ஊர், காய்ந்த துணி, வெயில். மறுநாளே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தேன்.

இவர் தொட்டியைக் காட்டினார். அது பாறையைக் கவ்வியிருக்கிறது, பாறையோ தொட்டியின் அடியோடு சிமெண்டில் ஒட்டியிருக்கிறது, இழுத்துப் பிடுங்கினால் பாதம் கிழிந்து செத்துவிடும் என்றார். "அதுவா விடட்டும் புள்ள. விட்டதும் போலாம்."

கிழிந்துவிடும் என்பது உண்மைதான், விசாரித்துவிட்டேன். ஆனால் அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியையும் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணன் போன் செய்வான். எடுத்ததும் "விட்டுடுச்சா அம்மிணி?" என்பான். சொந்தக்காரர்களின் கல்யாணத்தில்கூட, நாங்கள் சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் அது விட்டுவிட்டதா என்று கேட்டார்கள்.

நானும் சும்மா இருக்கவில்லை. பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டில் இலங்கையிலிருந்து வந்த அக்கா ஒருவர் இருந்தார். வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்து அட்டைக்கடி வாங்கியவர். கவ்விக்கொண்டு விடமாட்டேன் என்கிறது என்று நான் சொன்னதும், வந்து பார்க்கக்கூட இல்லை, வைத்தியத்தைச் சொல்லிவிட்டார்.

"உப்பை வையி தங்கச்சி. கண்டியில நாங்க அப்பிடித்தான் செய்வோம். சுருண்டு விழுந்துரும்."

அது இருப்பதே உப்பில்தான் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டது. அப்படியானால் புகையிலை வை என்றார்.

பாறைக்குப் பக்கத்தில் குளிர் பட்டால் நகரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மீன்காரரிடம் ஐஸ்கட்டி கேட்டேன். கேரளாவிலிருந்து பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். ஏற்கனவே, அதற்குத் தீனி போட ஒற்றை இறால் வாங்குகிறவள் என்று அவருக்கு என்மேல் ஒரு பார்வை உண்டு. முதல் தடவை கேட்டபோது, "ஒரு செம்மீன் வச்சு எந்து கறியாணு சேச்சி?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தார். இப்போது இறாலும் வேண்டாம், ஐஸ் மட்டும் என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்து ஐஸ்கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பாறையோடு சேர்த்துப் பிடித்தேன். என் கை மரத்துப்போனது. அது ஒரு விரலைக்கூட மடக்கவில்லை.

மழையில் கம்பம் சாய்ந்து கரண்ட் போன ஒரு நாள் அவர் வெளியே போயிருந்தார். கரண்ட் இல்லாவிட்டால் தண்ணீரில் காற்று இருக்காது, சூடும் இருக்காது. பேசாமல் இருந்திருந்தால் அன்றைக்கே எனக்கு விடுதலை. ஆனால் கம்பளியைத் தொட்டிக்குப் போர்த்திவிட்டு, மக்கால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு நின்றேன், வாய் ஓயாமல் அதைத் திட்டியபடி. அவர் வந்து மக்கை வாங்கியபோது தோள்பட்டை தனியாகக் கழன்றுவிட்டது போல இருந்தது.

கடைசியில் என் நச்சரிப்பு தாங்காமல், வேலையைப் பார்த்துவிட்டாவது வருகிறேன் என்று திருப்பூருக்குப் போனார். திரும்பி வந்தவர் சட்டையெல்லாம் பஞ்சு. தும்மிக்கொண்டே தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். எப்படி இருந்தது என்றேன்.

"நல்லவங்கதான். குடோன் பூரா பஞ்சுத் தூசு. மூக்குல ஒண்ணுமே தெரியல."

மறுநாள் காலையில் பால் நன்றாகவே அடிப்பிடித்துவிட்டது. எனக்கே நாறியது. வருகிற சண்டைக்குத் தயாராக டீயை நீட்டினேன். அவர் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். அண்ணனிடம் அடுத்த மாதம் சேர்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிடு என்றார்.

நான் கேட்டது இதைத்தான். கிடைத்தபோது வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே ஒரு நாள் அவர் பூட்டிக் கிடந்த ஃபேக்டரிக்குப் போயிருந்தார். மெஷின் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் விட்டு வருவது வழக்கம், யாரும் கேட்கவில்லை, சம்பளமும் கிடையாது. நான் சோற்றை வடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், கடல் சாமந்தி பாறையில் இல்லை. தொட்டியின் ஓரத்தில் பாதத்தை மேலே காட்டிக்கொண்டு உருண்டு கிடந்தது. விட்டுவிட்டது. ஐஸுக்கும் என் திட்டுக்கும் விடாதது, தானாக விட்டுவிட்டது.

அதுவரை அதை நான் தொட்டதில்லை. முழங்கைவரை உள்ளே விட்டுத் தூக்கினேன். மாவு பிசைந்த கை மாதிரி விரலெல்லாம் ஒட்டியது. பாறை இடுக்கில் உட்காரவைத்தேன். உருண்டு போகாமல் அரிசி வடிகூடையை மேலே கவிழ்த்து, தண்ணீர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பிடித்துக்கொள் சனியனே, பிடித்துக்கொள் என்று கெஞ்சினேன். அவர் வருகிற நேரத்துக்கு மெல்லக் கூடையை எடுத்தேன். பிடித்திருந்தது.

அவர் வந்ததும் தொட்டியைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இடம் மாறியிருக்குதே."

"அது நடக்கும்னு நீங்கதானுங்க சொன்னீங்க" என்றேன். வடிகூடை ஈரத்தோடு என் மடியில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கை கால் கழுவப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விட்டுடுச்சா என்றான் அண்ணன். "இல்லீங்ண்ணா. முன்னைக்கு இப்பக் கெட்டியாப் புடிச்சிருக்குதுங்" என்றேன். இனிமேல் கேட்கவேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன்.

அவர் டம்ளரை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். இன்னொரு வாய் உறிஞ்சினார்.

"பாலு அடிப்புடிச்சிருக்குது" என்றார்.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அதற்கு நான் பதில் சொல்லவில்லை.