நார்மல் அண்ணாச்சி

குருசாமி அண்ணாச்சி இறந்த செய்தி ஆய்வுக்கூடத்துத் தொலைபேசியில் வந்தது. காலை பத்தரை இருக்கும். ரத்த மாதிரிகளைத் தட்டின் குழிகளில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினால் அத்தனையும் வீணாகிற வேலை. கையுறையோடு ரிசீவரை எடுத்தேன். அவர் மனைவி வேலம்மாள் அக்காதான் பேசினார். “தாயி, அவிய போய்ட்டாவ. விடியக்காலம் அஞ்சு மணிக்கு. உங்கிட்ட மறக்காம சொல்லச் சொல்லியிருந்தாவ.” ரிசீவரை வைத்துவிட்டார். நான் திரும்பி வந்து மீதிக் குழிகளையும் நிரப்பினேன். நிறுத்தியிருக்கலாம். ஏன் நிறுத்தவில்லை என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியும். ரத்தம் எடுக்கும் முகாம்களுக்கு வந்து, அவரோடு கரிசல்காட்டு வெயிலில் ஊர் ஊராக அலைந்தவர்கள் நீங்கள். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகத்தின் கல்லீரல் புற்றுநோய் ஆய்வுக்கூடத்துக்குக் கோவில்பட்டியில் ஒரு கிளை உண்டு. கிளை என்றால் மூன்று அறை வாடகை வீடு, ஒரு பெரிய ஃப்ரீசர், ஒரு ஜெனரேட்டர். ஐப்பசி மழையில் நனைந்து மூட்டையிலேயே பூஞ்சை பிடித்துப்போன நிலக்கடலைக்கும் இந்தப் பக்கத்துக் கல்லீரல் புற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்பது எங்கள் வேலை. பேராசிரியர் பதினைந்து நாளுக்கொருமுறை வருவார். மற்ற நாட்களில் ஆய்வு உதவியாளராக நானும், டெக்னீஷியனாக அண்ணாச்சியும் மட்டும்தான்.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு முதல்முறை போனபோது யாரும் கையை நீட்டவில்லை. “எங்க ரத்தத்த எடுத்து என்னத்தச் செய்யப் போறிய? டவுனுக்குக் கொண்டுபோயி வித்துருவிய” என்று ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். நான் ஆராய்ச்சியின் நோக்கத்தைத் தூய தமிழில் விளக்கிக்கொண்டிருந்தேன். மடத்தனம். அண்ணாச்சி ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்து சட்டைக்கையைச் சுருட்டினார். “மொதல்ல என்னையக் குத்து தாயி. எல்லாரும் பாக்கட்டும். பெரியவரே, நான் செத்தா நீங்க குடுக்க வேண்டாம்.” கூட்டம் சிரித்துவிட்டது. அன்று மதியத்துக்குள் ஊரே கை நீட்டியது. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதல் ஊசி அவருக்குத்தான்.

அந்த ரத்தம் வீண்போகவில்லை. எங்கள் பரிசோதனையில், ‘கிட்’ பெட்டியில் வரும் மருந்தைச் சேர்த்ததும் நோயின் அடையாளம் உள்ள ரத்தக் குழி மஞ்சளாகும். முதல் குழியில் நோயில்லாத ஒருவரின் ரத்தத்தை விட வேண்டும், அதற்குக் கன்ட்ரோல் என்று பெயர். மற்றவர்களின் குழிகளை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் மஞ்சள் ஏறினால் அவரை மதுரைக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்கச் சொல்வோம். ஏறாவிட்டால் ‘நார்மல்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவோம். வேலையில் சேர்ந்த புதிதில் அண்ணாச்சிக்கு எல்லாச் சோதனையும் செய்திருந்தோம். ஒரு குறையும் இல்லை. ஆகவே முதல் குழி அவருடையதாயிற்று. பெயரும் ஒட்டிக்கொண்டது, நார்மல் அண்ணாச்சி. அதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. “ஊருல எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் எங்கூட வச்சுப் பாத்துத்தான் தேறணும்” என்று டீக்கடையில் அளப்பார். கடலைமிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டுதான் அளப்பார். “கடல ஆராய்ச்சி பண்ணுதவிய இதத் திங்கலாமா?” என்று கடைக்காரர் சீண்டுவார். “நாங்க திங்காம ஒங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எப்படிச் சொல்லுதது?” என்பார் அண்ணாச்சி.

ஒரு கோடையில் முதல் குழி மஞ்சளடித்தது. இருவரும் தட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தோம். முந்தின நாள் இரண்டு தடவை கரண்ட் போயிருந்தது. கிட் வந்த பெட்டியில் ஐஸும் உருகியிருந்தது. “கிட் பழுது. சோதனை ரத்து” என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அண்ணாச்சியே தட்டைக் கழுவி வைத்தார். அடுத்த வாரம் புது கிட். அதிலும் அப்படியே. மறுபடியும் அதே வரியை எழுதினேன்.

மூன்றாம் முறை அவர் தட்டைக் கழுவ எடுத்துப் போகவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றார். “தாயி, கோளாறு கிட்டுலயா, எங்கிட்டயா?” என்று கேட்டார்.

நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேன். “உங்களுக்கென்ன அண்ணாச்சி, கல்லுக் கணக்கா இருக்கிய” என்றேன்.

அவரும் சிரித்தார். பிறகு தட்டைக் கழுவப் போனார். நான் மூன்றாம் தடவையும் அதே வரியை எழுதினேன்.

பேராசிரியர் வந்து நோட்டைப் பார்த்தார். “கன்ட்ரோலை மாற்றிப் போட்டுப் பாருங்கள்” என்றார். முதல் குழியில் என் ரத்தத்தை விட்டோம். தண்ணீராய்த் தெளிந்து நின்றது. கிட் சரியாகிவிட்டது என்று எங்களுக்கு ஒரே சந்தோஷம். அரை கிலோ கடலைமிட்டாய் வாங்கி வந்து மூவரும் தின்றோம். ஒருவருக்காவது உறைத்ததா? ஊர் ஊராகப் போய் நாங்கள் தேடியது இந்த மஞ்சளைத்தானே! அது மூன்று வாரம் எங்கள் மேசையிலேயே முதல் குழியில் இருந்தது. கடையில் நிறுவை தப்பினால் தராசைத்தான் குறை சொல்வோம். எடைக்கல்லை யாரும் எடைபோட்டுப் பார்ப்பதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அங்கே இருந்திருந்தால்கூட, “அந்த மனுசனக் கொண்டுபோயி டாக்டர்ட்ட காட்டுங்க” என்று சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

எட்டு மாதத்தில் ஆள் பாதியானார். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார். கேட்டால் “வெயிலு தாயி” என்றார். வயிறு வீங்கிய பிறகுதான் மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரல் புற்று என்று பேராசிரியர் தொலைபேசியில் சொன்னதும் பழைய நோட்டை எடுத்துப் பிரித்தேன். என் கையெழுத்தில் மூன்று ரத்துகள். அழகாக அடிக்கோடு வேறு போட்டிருந்தேன். அன்றைக்கே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பின்னால் டாக்டர்களைக் கேட்டேன். ஒருவர் பிழைத்திருக்கலாம் என்றார், ஒருவர் சொல்ல முடியாது என்றார். இரண்டில் எது என்னை அதிகம் தூங்கவிடாமல் செய்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் ஒரே வரியைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ‘தப்பு என்னோடது அண்ணாச்சி.’ கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். கண்ணெல்லாம் மஞ்சள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்டார். “நோட்டப் பாத்தியா?”

“பாத்தேன் அண்ணாச்சி.”

“மூணு சோதனைய ரத்து பண்ணுனோம், அத விடு. அதுக்கு முந்தி? ஒரே நாள்லயா ஏறியிருக்கும்? மெல்ல மெல்லத்தான ஏறியிருக்கும்? அந்த மாசத்துலயெல்லாம் என்னைய வச்சுத்தான எல்லாரையும் அளந்தோம்?”

அவர் ரத்தம் ஏற ஏற, எங்கள் அளவும் அதோடு ஏறியிருக்கும். மதுரைக்கு அனுப்பியிருக்க வேண்டியவர்களுக்கும் ‘நார்மல்’ சீட்டு எழுதிக் கொடுத்திருப்போம். எனக்கு இது தோன்றவே இல்லை. என் குற்றத்தை நினைத்து அழுவதிலேயே மும்முரமாக இருந்திருக்கிறேன்.

“அவிய எல்லாம் நல்லாருக்கோம்னு நெனச்சுக்கிட்டு இருக்காவ தாயி. மறுபடி எடு” என்றார். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். பென்சிலில் பெயர்கள். நம்பரும் விலாசமும் எங்கள் பதிவேட்டில் இருக்கின்றன. இவர் எழுதியிருந்தது வேறு. ‘சண்முகத்தாய், நாகலாபுரம். வலது கையில் நரம்பு கிடைக்காது, இடது பார்க்க.’ ‘மாவு மில்காரர். ஊசியைக் காட்டாமல் குத்தணும்.’ நான் பார்க்கப் போன மூன்று தடவையும் அந்தப் பட்டியல் நீண்டிருந்தது, அவர் சுருங்கியிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்த வரியை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவர் வேலையாக இருக்கிறார், குறுக்கே பேசக் கூடாது என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். சாக்குதான். பயம்.

அவரை எரித்துவிட்டு வந்து ஆய்வுக்கூடத்தைத் திறந்தேன். ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் இருந்தார். ஒவ்வொரு ஊரிலும் முதலில் எடுத்த அவர் ரத்தம், தேதி எழுதிய சின்னக் குப்பிகளில், வரிசை வரிசையாக. மூடியில் அவரே போட்ட ‘நா’ என்ற எழுத்து. எந்த மாதம் சோதித்தவர்களிலிருந்து மறுபடி தொடங்குவது என்று தெரிய வேண்டுமே, அந்தக் குப்பிகளைத் தேதிவாரியாக உருக்கி ஒரு தட்டில் விட்டேன். அன்று கரண்ட் போகவில்லை, கிட்டும் சரியாக இருந்தது. முதல் குழிகள் தெளிவாக இருந்தன. பிறகு ஒரு குழியில் சந்தேகம் போல ஒரு நிறம். அடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசி மூன்றும் மஞ்சள். அந்த மனிதருக்குள் சாவு எந்த மாதம் வந்து உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியும். அவர் மனைவிக்குக்கூடத் தெரியாதது எனக்குத் தெரியும். எதனால் வந்தது என்றுதான் தெரியவில்லை. கடலை மூட்டைத் தூசியா, எந்த ஊரிலாவது பிறரைக் குத்திய ஊசி தவறி இவர் கையில் ஏறியதா, அதற்கெல்லாம் முன்பே இருந்த ஏதாவதா? ஆராய்ச்சி செய்பவள் நான், எனக்கே தெரியவில்லை. இப்போதும் முதல் குழியில் சொட்டு விடும்போது கை ஒரு நொடி நிற்கிறது. பின்னால் யாரோ நின்று பார்ப்பது போலவே இருக்கிறது.

குப்பிகளை அப்புறப்படுத்திவிடலாம் என்றார் பேராசிரியர். முடியாது என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல்முறை. அவரும் வற்புறுத்தவில்லை.

போன வாரம் நாகலாபுரத்துக்குப் போனேன். சண்முகத்தாய் புதியம்புத்தூருக்குத் தையல் வேலைக்குப் போகிறவர், பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றிருந்தார். “ஒண்ணுமில்லன்னு சீட்டுக் குடுத்தியளே, இப்ப மறுபடி எதுக்கு? அண்ணாச்சி வரலையா?” என்றார்.

“அண்ணாச்சி செத்துப் போய்ட்டாவ” என்றேன். “அவிய ரத்தத்த வச்சுத்தான் உங்கள அளந்தோம். அவியளுக்கே சீக்கு இருந்திருக்கு. கண்ணு முன்னால தெரிஞ்சிச்சு, நான்தான் கிட்டு சரியில்லன்னு எழுதிட்டேன். தப்பு என்னோடதுதான்.”

அவர் பையை இறக்கி வைத்தார்.

“இத அண்ணாச்சிகிட்டச் சொன்னியா?” என்று கேட்டார்.

“இல்லக்கா.”

அவர் இடது கையை நீட்டினார்.

அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பென்சில் பட்டியல்தான். அவரிடம் சொல்லாமல் விட்டதை அதில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இன்னும் முப்பத்தொரு வீடு இருக்கிறது.