கடைசி வரி வரைக்கும்

கண் ஆஸ்பத்திரியில் அவளுக்குச் 'சொட்டு மருந்தக்கா' என்று பேர். நாள் முழுக்க நின்ற நிலையில் சொட்டு மருந்து விட வேண்டும், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிப் பார்வையைச் சோதிக்க வேண்டும். "ஒரு கண்ணைப் பொத்துங்க, மேல இருந்து படிங்க." கால் கடுக்கும், வாய் ஓயாது. வீட்டில் சோற்றில் கை வைத்தாலும் ட, ப, ம, ய என்று உதடு தானாக முணுமுணுக்கும். என்ன பிழைப்போ!

"உன் பாட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு," என்பார் கணவர். அவர் பஸ் ஓட்டுநர். சாயங்காலம் அவர் வண்டியில்தான் அவள் வீடு திரும்புவாள். உட்கார்ந்ததும் கண் அயர்ந்துவிடும். கொஞ்ச நாளாக அவள் ஏறும்போது அவர் சிரிப்பதில்லை. மனுஷனுக்கு என்ன சலிப்போ என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஓட்டுநர்களுக்கு வருஷா வருஷம் கண் பரிசோதனை உண்டு. இதுவரை அவரை வேறு யாராவது பார்த்து அனுப்புவார்கள். இந்தத் தடவை கூட்டம் தாங்காமல் அவளிடமே வந்து உட்கார்ந்தார். வலக்கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். இடக்கண்ணைப் பொத்தியும் அதே வேகம்.

அவள் பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பழைய பலகை கறைபட்டுப்போய், அன்று காலையில்தான் புதிது மாட்டியிருந்தார்கள். எழுத்தெல்லாம் வேறு. அவர் ஒப்பித்தது பழையதை.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"ஆறேழு மாசம் இருக்கும். எதை நேரா பார்த்தாலும் நடுவுல அழுக்கு மாதிரி மறைக்குது. சுத்திலும் நல்லாத்தான் தெரியுது. ரோட்டு ஓரம் தெரியும், வண்டிங்க அசையறது தெரியும்."

அவளுக்கா தெரியாது? கண்ணின் உள்சுவரில் விழித்திரை. அதன் நடுவில் ஊசித்தலை அளவு ஓரிடம். எழுத்தும் முகமும் அங்கேதான் தெளியும். சுற்றியிருப்பதில் அசைவும் மங்கலான உருவமும்தான் தெரியும். கருவிழி எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விட்டாலும், லென்ஸ் எப்படிக் குவித்தாலும், அந்த இடம் போனால் போனதுதான்.

"சரியா இருக்குன்னு சொல்லிடு. வண்டிய விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

"உங்க வண்டியில நான் தூங்கிக்கிட்டே வர்றேன்," என்றாள். "என்னை மாதிரி எத்தனை பேரு தூங்கறாங்க."

அவள் கதவைத் திறந்து டாக்டரைக் கூப்பிட்டு வர ஆள் அனுப்பினாள். விளக்கைப் போட்டுவிட்டு அவர் எதிரே வந்து நின்றாள்.

"என் முகம் தெரியுதா?"

அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமாக்கும் என்று நினைத்தாள்.

"இப்பதான் ஓரக்கண்ணுல தெரியுது," என்றார், சுவரைப் பார்த்தபடியே. "அழாத."