தட்டு எடுக்க வரவில்லை

சட்டினி சிந்திக் கிடப்பதைக் கண்டால் சங்கரேஸ்வரியின் வலது கை தானாக இடுப்புக்குப் போகிறது. அங்கே துணி இல்லை. இரண்டு வாரமாகவே இல்லை. ஏமாந்த கை, யூனிபார்ம் பையிலிருக்கும் பேனாவைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது.

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்தை ஒட்டிய அந்த ஹோட்டலில் ஒன்பது வருஷம் மேசை துடைத்தவள், இப்போது ஆர்டர் எடுக்கப் பழகுகிறாள். முதலாளி சண்முகையா, திருநெல்வேலியிலிருந்து விஜிதா என்ற பயிற்சியாளரை வரவழைத்து மாடியில் வகுப்பு நடத்தினார். முகம் பார்ப்பது, சிரிப்பது, வணக்கம் சொல்வது எல்லாம் சங்கரேஸ்வரிக்குச் சுலபமாக வந்துவிட்டது. குருவிகுளம் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்து, "வணக்கம், என்ன சாப்பிடுதீங்க?" என்று சொல்லிப் பார்க்கப் போய், கண்டக்டர், "ஒரு காப்பி போதும்க்கா" என்று மானத்தை வாங்கியதுதான் மிச்சம்.

சிக்கல் வேறு. அவள் பக்கத்தில் போனால் ஜனங்கள் எழுந்துவிடுகிறார்கள். இத்தனை வருஷமும் அவள் வந்து நின்றால் சாப்பாடு முடிந்தது என்றுதான் அர்த்தம். புதுச் சட்டையும் பேனாவும் யார் கண்ணிலும் படுவதில்லை. கடைசி வாயை அவசரமாக விழுங்கி, தட்டை அவள் பக்கம் தள்ளிவிட்டுக் கை கழுவப் போய்விடுகிறார்கள்.

"அந்த மேடம் எல்லாம் சொல்லிக் குடுத்தாவ. எந்திரிக்கிற ஆளை எப்படி உக்கார வைக்கதுன்னு மட்டும் சொல்லலியே" என்று தோசைக்கல் முன்னால் நிற்கும் பாண்டிராஜிடம் புலம்புகிறாள். அவர் சிரிக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று காலை கல்லாவிலிருந்து முதலாளி கூப்பிட்டார். "இன்னைக்கு ஒரு நாள் பாப்பேம்மா. சரிப்படலைன்னா பழைய வேலைக்கே போயிரு. நான் வேற ஆளு போட்டுக்கிடுதேன்." பொல்லாத மனுஷர் இல்லை, சாப்பிட வந்தவன் பாதியில் எழுந்து போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? பழைய வேலை என்றால் சோப்புத் தண்ணீர் வாளி. விரலிடுக்கெல்லாம் வெடித்து, சொந்த வீட்டு ரசத்தில் கை வைக்க முடியாமல் கரண்டியால் சாப்பிட்ட வருஷங்கள். வெடிப்பு இப்போதுதான் மூடியிருக்கிறது. மறுபடியும் அதிலா? நினைக்கவே பயமாக இருக்கிறது அவளுக்கு.

மூலை மேசையில் புளியங்குடி எலுமிச்சை வியாபாரி ரிபாயி இருக்கிறார். வாராவாரம் வருகிறவர். இட்லிக்குப் பிறகு ஒரு நெய்த்தோசை இல்லாமல் எழுந்ததில்லை. போன வாரம் மட்டும் இவள் ஆர்டர் கேட்க வந்து நின்றதைப் பார்த்துவிட்டு இட்லியோடு கிளம்பிவிட்டார். அவள் நெருங்குகிறாள். கல்லாவில் முதலாளி செல்போனைக் கீழே வைத்துவிட்டு இந்தப் பக்கம் திரும்புகிறார்.

ரிபாயி அவளைக் கண்டதும் மிச்ச இட்லியை வாயில் திணித்து, தட்டைத் தள்ளி, பாதி எழுந்தும்விட்டார்.

"எடுத்துக்கோம்மா."

அவள் கை இடுப்புக்குப் போகவில்லை. ஒற்றை விரலால் தட்டை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"வணக்கம் பாய். நெய்த்தோசை இன்னும் சாப்பிடலியே?"

அவர் உட்காரும்வரை தட்டின் விளிம்பிலிருந்து அந்த விரலை எடுக்கவில்லை.